கன்சாய் விமான நிலையம் போகிறவர்களே, பெட்டி எண்ணைப் பாருங்கள்

"தம்பி, கடலையே காணோமே. பெரிய பாலம் வரும் என்று சொன்னீர்கள். இங்கே மலையல்லவா வருகிறது?"

சென்ற வாரம் காலை ஒன்பதே காலுக்கு எனக்கு வந்த அழைப்பு இது. பேசியவர் எழுபதை நெருங்கும் பெரியவர். மனைவி, மகள், பேரன், பேத்தியுடன் நான்கு நாள் ஜப்பானின் ஒசாகா நகரைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். மலை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கன்சாய் விமான நிலையம் ஒசாகா விரிகுடாவில் கடலை நிரப்பி உருவாக்கிய தீவில் இருக்கிறது. அங்கே போகும் எந்த ரயிலும் 3,750 மீட்டர் நீளமுள்ள பாலத்தைக் கடந்தாக வேண்டும். மலை தெரிகிறது என்றால் அவர்கள் தெற்கே வகயாமாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எந்தப் பெட்டி என்று கேட்டேன். மகள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: ஆறாம் எண்.

10:55-க்கு விமானம். அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்த்திசை ரயிலுக்குக் காத்திருந்து, ரயில் பிரியும் ஹினேனோ நிலையத்துக்குத் திரும்பி, அங்கே மறுபடி காத்திருந்து விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது கவுண்ட்டரை மூடிப் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. ஐந்து பேருக்கும் புதிய டிக்கெட். அந்தப் பெரியவர் தன் தவறுதான் என்று திரும்பத் திரும்பச் சொல்லி என்னிடம் மன்னிப்புக் கேட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை. பதினொரு ஆண்டுகளாக இந்த ஊரில் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறேன். இந்த ஆண்டில் மட்டும் இப்படி நடப்பது இது மூன்றாவது முறை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒசாகாவின் தென்னோஜி நிலையம் வழியாக விமான நிலையம் போகும் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) விரைவு ரயிலில் பெரும்பாலும் எட்டுப் பெட்டிகள் இருக்கும். 1 முதல் 4 வரை விமான நிலையத்துக்கு. 5 முதல் 8 வரை வகயாமாவுக்கு. ஹினேனோ நிலையத்தில் ரயிலைப் பிரிப்பார்கள். வாஞ்சி மணியாச்சியில் குருவாயூர் எக்ஸ்பிரஸிலிருந்து தூத்துக்குடிப் பெட்டிகளைக் கழற்றிய நாள்கள் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு நினைவிருக்கும், ஏறக்குறைய அதேதான். ஒரே வேறுபாடு, அங்கே உங்கள் டிக்கெட்டிலேயே பெட்டி எண் அச்சாகியிருந்தது. இங்கே இந்த ரயிலில் ஏற முன்பதிவு வேண்டியதில்லை. எந்தப் பெட்டியில் வேண்டுமானாலும் ஏறலாம், யாரும் வந்து டிக்கெட்டைப் பார்த்து "நீங்கள் இங்கே உட்காரக் கூடாது" என்று எழுப்பப் போவதில்லை. நடைமேடைப் பலகையில் போட்டிருக்கிறார்கள், பெட்டியின் பக்கவாட்டுத் திரையில் ஓடுகிறது, ஆங்கிலத்திலும் அறிவிக்கிறார்கள். நம்மவர்கள் அந்த நேரத்தில் சூட்கேஸுக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி, என்னை உண்மையிலேயே வருத்தும் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று குடும்பங்களும் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "ஜப்பானில் ரயில் நிமிடம் தவறாமல் வரும் என்றார்கள், சரியாக அந்த நிமிடத்துக்கு வந்த ரயிலில்தானே ஏறினோம்?"

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். புறப்படுவதற்கு முன் பார்க்கும் ஒவ்வொரு காணொளியும் இதைத்தான் சொல்கிறது. ரயில் நேரத்துக்கு வருகிறது என்பதிலிருந்து, நேரத்துக்கு வந்ததெல்லாம் என் ரயில் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், ரயிலைப் பார்ப்பதில்லை. ஒசாகா நிலையத்தில், நகரைச் சுற்றி ஓடும் வளையப் பாதையின் ஒரு நடைமேடையில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். வட்டமாகச் சுற்றும் ரயில் வரும். அதே தண்டவாளத்தில் நாராவுக்குப் போகும் யமதோஜி விரைவு ரயில் வரும். விமான நிலையமும் வகயாமாவும் போகும் இரட்டை ரயில் வரும். யுனிவர்சல் சிட்டி போகும் ரயிலும் வரும். இவற்றுக்கிடையே சில நிமிடங்கள்தான் இடைவெளி. உங்கள் ரயில் மூன்று நிமிடம் தாமதமானால், நீங்கள் எதிர்பார்த்த நிமிடத்தில் வந்து நிற்பது வேறு ஊருக்குப் போகும் ரயிலாக இருக்கலாம்.

தாமதமாகுமா என்று கேட்காதீர்கள். ஆகும். தாமதத்துக்குச் சான்றிதழே தருகிறார்கள், ச்சியென் ஷோமெய்ஷோ என்று பெயர். ஊழியர்களும் மாணவர்களும் அதை வாங்கிக்கொண்டு போய் அலுவலகத்திலும் பள்ளியிலும் காட்டுவார்கள். தண்டவாளத்தில் யாராவது விழுந்தால் அந்தத் தடமே நின்றுவிடும். 2018 ஜூன் 18 அன்று காலை எட்டு மணிக்குச் சற்று முன்பு வடக்கு ஒசாகாவில் நிலநடுக்கம் வந்தது. வேலைக்குப் போகும் நேரத்தில் நகரமே நடுவழியில் நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் புயலில் ஒரு எண்ணெய்க் கப்பல் விமான நிலையப் பாலத்தில் மோதி, ஏறக்குறைய இரண்டு வாரம் அங்கே ரயிலே ஓடவில்லை. பலத்த காற்று அடித்தாலே அந்தப் பாலத்தில் ரயிலை நிறுத்திவைப்பார்கள். ஆகவே விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருங்கள். இதில் என்னிடம் பேரம் பேசாதீர்கள்.

வளையப் பாதை என்ற பெயரை நம்பி ஏமாறுகிறவர்களும் குறைவில்லை. தூங்கிவிட்டால்கூடச் சுற்றி வந்துவிடும் என்கிறார்கள். டோக்கியோவின் யமனோதே பாதைக்கு ஏறக்குறைய அப்படிச் சொல்லலாம். ஒசாகாவில் சொல்ல முடியாது. வளையத்தில் ஓடும் எல்லா ரயிலும் சுற்றுவதில்லை. சில தென்னோஜியோடு நின்றுவிடும், சில அங்கிருந்து வளையத்தை விட்டு வெளியேறிவிடும். ஒரு தம்பதி ஒசாகா கோட்டைக்குப் புறப்பட்டு, நாரா போகும் வழியிலுள்ள ஹோர்யூஜியில் போய்க் கண் விழித்தார்கள். அங்கே உலகின் மிகப் பழமையான மரக் கட்டடங்களைக் கொண்ட கோயில் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். எல்லாப் பயணிகளுக்கும் அப்படி ஒரு பகல் கையில் மிச்சமிருக்காது.

நிலையப் பெயர்களையும் கொஞ்சம் கவனியுங்கள். புல்லட் ரயிலான ஷின்கான்சென் நிற்பது ஷின் ஒசாகாவில், ஒசாகா நிலையத்தில் அல்ல. ஜே.ஆரின் ஒசாகா நிலையத்தைச் சுற்றி நடக்கும் தூரத்தில் உமேதா, ஹிகாஷி உமேதா, நிஷி உமேதா என்று மெட்ரோ நிலையங்கள் மூன்று; ஹான்கியூ, ஹான்ஷின் நிறுவனங்களின் ஒசாகா உமேதா நிலையங்கள் இரண்டு. "உமேதாவில் சந்திப்போம்" என்று சொல்லிவிட்டு நிலத்தடிக் கடைத்தெருவில் ஒருவரையொருவர் ஒரு மணி நேரம் தேடியவர்களை நானே போய்ச் சேர்த்துவைத்திருக்கிறேன். எந்த நிறுவனம், எந்தத் தடம், எந்த வாயில் மூன்றையும் சொல்லுங்கள். மெட்ரோவில் பெயர் வாயில் நுழையாவிட்டால் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: மிதோசுஜி தடத்தில் ஷின் ஒசாகா எம் 13, உமேதா எம் 16, நம்பா எம் 20, தென்னோஜி எம் 23. இன்னொன்று, ஒசாகா சர்வதேச விமான நிலையம் என்ற பெயருடைய இதாமியில் இன்று உள்நாட்டு விமானங்கள் மட்டுமே. பெயரைப் பார்த்து அங்கே போய் நிற்காதீர்கள்.

நிலையக் கதவில் தொட்டு ரயில் கட்டணம் செலுத்தும் இக்கோகா அட்டை ஒருவருக்கு ஒன்று. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வாரம் ஒரு முறையாவது அந்தக் காட்சியைப் பார்க்கிறேன். கணவர் அட்டையைத் தொட்டு உள்ளே போவார், திரும்பி அதையே மனைவியிடம் நீட்டுவார். அவர் தொட்டதும் மணி அடிக்கும், இரண்டு பக்கக் கதவும் இடுப்பளவில் அடைத்துக்கொள்ளும். பின்னால் முப்பது பேர் அலுவலகம் போக நிற்பார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அந்த அம்மாவின் முகம்தான் சுருங்கிப்போகும். ஆளுக்கு ஓர் அட்டை வாங்குங்கள், அதில் 500 யென் முன்வைப்புத் தொகை, திருப்பிக் கொடுத்தால் கிடைத்துவிடும். பள்ளி வயதுக் குழந்தைக்கு ஆறு முதல் பதினொன்று வரை அரைக் கட்டணம். பாஸ்போர்ட்டைக் காட்டிக் குழந்தை அட்டை கேளுங்கள். பணம் ஏற்றும் இயந்திரங்கள் பல, நோட்டை மட்டுமே ஏற்கும். ராப்பீட், ஹருகா போன்ற தொக்கியூ என்ற அதிவிரைவு வகை ரயில்களுக்கு அட்டையோடு தனி டிக்கெட்டும் வேண்டும். விரைவு ரயிலான கைசோகுவுக்கு வேண்டாம்.

ஜே.ஆர். ரயில்களில் குறிப்பிட்ட நாள்கள் அளவின்றிப் பயணிக்க உதவும் ஜே.ஆர். பாஸ் பற்றி ஒரு சொல். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 ஆனது. ஒசாகாவையும் கியோட்டோவையும் நாராவையும் மட்டும் பார்க்கிறவர்களுக்கு அது தேவையே இல்லை. மெட்ரோவில் செல்லாது, நன்காய் என்ற தனியார் நிறுவனத்தின் ரயிலில் செல்லாது.

நகரத்தில் இரவு முழுவதும் ரயில் ஓடாது. நள்ளிரவையொட்டி எல்லாம் நின்றுவிடும், மீண்டும் தொடங்க காலை ஐந்து மணியாகும். இவ்வளவு பெரிய நகரத்தில் ரயில் இல்லாமலா போகும் என்று உணவுக்கடைகள் நிறைந்த தோதொன்போரித் தெருவில் உட்கார்ந்திருந்தவர்கள் டாக்சிக்குக் கொடுத்த பணம் அந்த இரவின் அறை வாடகையை விட அதிகம்.

பெரிய சூட்கேஸ்களோடு நெரிசல் நேரத்தில் மிதோசுஜி தடத்தில் ஏறாதீர்கள். தக்யூபின் என்ற வீட்டுக்கே கொண்டுசேர்க்கும் சேவை இருக்கிறது. விடுதி வரவேற்பறையிலேயே கொடுத்துவிட்டால் அடுத்த ஊர் விடுதிக்கோ விமான நிலையத்துக்கோ போய்விடும். ஒன்றிரண்டு நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். மிதோசுஜியில் வார நாள்களில் நாள் முழுவதும் மகளிர் பெட்டி உண்டு. நடைமேடைத் தரையில் குறி இருக்கும். அவசரத்தில் அதில் ஏறி நிற்கும் ஆண்களைப் பார்த்து எனக்கே கூச்சமாக இருக்கிறது, தயவு செய்து தரையைப் பாருங்கள்.

நம்பாவில் தங்குகிறவர்கள் விமான நிலையத்துக்கு நன்காயில் போங்கள். அங்கேயும் வகயாமா பக்கம் போகும் ரயில் உண்டு, சேருமிடத்தைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

பெற்றோரைத் தனியாக அனுப்பிவைக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். செல்போனில் வரைபடத்தின் படத்தை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள். விடுதி ஊழியரிடம் கேட்டு, கெட்டியான தாளில் ஜப்பானிய எழுத்தில் பெரிதாக இரண்டு வரி எழுதி வாங்கச் சொல்லுங்கள்: "கன்சாய் விமான நிலையம் போகிறோம். 1 முதல் 4 வரையுள்ள பெட்டியைக் காட்டுங்கள்." தென்னோஜி நடைமேடையில் சீருடையில் நிற்கும் யாரிடமும் அதை நீட்டலாம், கூடவே நடந்து வந்து கதவருகே விட்டுவிட்டுப் போவார்கள். அப்படியும் சந்தேகம் இருந்தால் ஹினேனோவில் சூட்கேஸோடு இறங்கிவிடச் சொல்லுங்கள். அங்கே நின்று அதே தாளை ஒரு முறை காட்டிவிட்டு, விமான நிலையத்துக்குப் போகும் அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளலாம்.