சாலைப் பள்ளத்தின் பூர்வீகம்

வடகிழக்குப் பருவமழை தொடங்கி நான்கைந்து நாள்கள் கழிந்ததும் சென்னைத் தெருக்களில் ஒரு காட்சியைக் காணலாம். முதலைத் தோல்போலக் கட்டம் கட்டமாக வெடித்துக் கிடக்கும் தார்ப்பரப்பின் மேல் பேருந்து ஏறி இறங்கும்போதெல்லாம், அந்த வெடிப்புகளிலிருந்து சேற்றுநீர் பீறிட்டு வெளிவரும். அந்தக் கலங்கல், சாலையின் அடித்தளத்தில் இருந்த நுண்மண்ணைத் தன்னுடன் எடுத்து வருகிறது. மண் வெளியேறிய இடம் வெறுமையாகிவிட, மேலே உள்ள பரப்பு தாங்குவதற்கு ஒன்றுமின்றி அமிழ்ந்து, உடைந்து, சில்லுச்சில்லாகப் பெயர்கிறது. நாம் பள்ளம் என்று அழைப்பது இந்தக் கதையின் கடைசி அத்தியாயத்தைத்தான்.

தார்ச்சாலை என்று நாம் சொன்னாலும், அதில் எடையளவில் ஏறத்தாழ 95 விழுக்காடு ஜல்லியும் கல்தூளுமே. எஞ்சிய ஐந்து விழுக்காட்டளவே பசையாகிய பிட்டுமின். கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் அடியில் தங்கும் கசடு அது. சாலையின் பலவீனமும் இந்தக் கூட்டணியில்தான் இருக்கிறது. கருங்கல்லில் மிகுந்துள்ள சிலிக்கா, எண்ணெய்த் தன்மை கொண்ட பிட்டுமினைவிட நீரோடு ஒட்டிக்கொள்ளவே அதிகம் நாடும். ஆகவே நீர் சிறிது நேரம் தேங்கினாலும், கல்லுக்கும் பசைக்கும் நடுவே மெல்ல நுழைந்து பசையை உரித்துவிடுகிறது. கலவையில் சிறிதளவு நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்தால் இந்த உரிதல் குறையும் என்பதால்தான், நவீன ஆலைகளிலும் நம் பழைய சுண்ணாம்புக்கு இடமுண்டு.

நீரை வெளியேற்றுவதற்காகவே சாலையின் நடுப்பகுதி சற்று உயர்த்தி அமைக்கப்படுகிறது. கனமழை பெய்யும் பகுதிகளில் இந்தச் சரிவு 2.5 விழுக்காடு, அதாவது ஏழு மீட்டர் அகலச் சாலையில் நடுப்பகுதி, ஓரத்தைவிட ஏறத்தாழ 9 செ.மீ. மேலே இருக்கும். ஆனால் ஓரத்துக்கு ஓடிவந்த நீர் அங்கிருந்து மழைநீர் வடிகாலுக்குள் இறங்கியாக வேண்டும். வடிகாலின் வாயில் மண்ணைப் பிடித்துவைக்க ஒரு வண்டல் வடிகட்டித் தொட்டி இருக்கிறது. ஒரு பால் பாக்கெட் உறையும் இரண்டு தேநீர்க் கோப்பைகளும் அங்கே சேர்ந்துவிட்டால், அந்தத் தெருவின் சரிவு எவ்வளவு கச்சிதமாக இருந்தும் பயனில்லை. சாலை, வடிகால், குப்பை ஆகிய மூன்றும் மாநகராட்சியில் தனித்தனித் துறைகளாக இருக்கின்றன. நீருக்கு அந்தப் பிரிவினை தெரியாது. பருவமழைக்கு முன் வடிகாலைத் தூர்வாரி, எடுத்த வண்டலை அதே வடிகாலின் ஓரத்தில் குவித்துவிட்டுப் போகும் வழக்கம் இந்தப் பிரிவினைக்கு நல்ல சான்று. முதல் மழையிலேயே அது வந்த வழியே திரும்பிவிடும்.

சாலை சிதையும் வேகத்தை எடையும் தீர்மானிக்கிறது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், தனியாக அமைத்த சாலைகளின் மேல் வண்டிகளை ஓயாமல் ஓட்டி நடத்திய சோதனையிலிருந்து ஒரு விதி கிடைத்தது: வண்டியின் ஓர் அச்சு (சக்கரங்களை இணைக்கும் தண்டு) சாலைக்கு விளைவிக்கும் சேதம், அதன் மேல் இறங்கும் எடையின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் கூடுகிறது. எடை இரு மடங்கானால் சேதம் 16 மடங்கு. காரின் ஓர் அச்சில் 0.6 டன்னும், நிறைந்த பேருந்தின் பின்னச்சில் 9.6 டன்னும் இறங்குவதாகக் கொண்டால், எடை வேறுபாடு 16 மடங்குதான். சேத வேறுபாடோ 65,000 மடங்குக்கு மேல். மாநகராட்சி தன் சாலைகளைப் பேருந்து தடச் சாலைகள் என்றும் உட்புறச் சாலைகள் என்றும் பிரித்து, வெவ்வேறு கனத்தில் அமைப்பது இதனால்தான். மோட்டார் சைக்கிள்களால் தெரு கெட்டுவிட்டது என்று யாரேனும் குறைபட்டால் நம்ப வேண்டியதில்லை.

பள்ளத்தை மூடும் வேலை பார்ப்பதற்கு எளியது, செய்வதற்கு அவ்வளவு எளியதன்று. பள்ளத்தைச் சுற்றியுள்ள தளர்ந்த பகுதியையும் சேர்த்து, ஓரங்கள் செங்குத்தாக நிற்கும்படி சதுரமாக வெட்டி, ஈரத்தையும் தூசியையும் நீக்கி, ஒட்டுவதற்கு மெல்லிய தார்ப் பூச்சு தெளித்து, சூடான கலவையை நிரப்பி அழுத்த வேண்டும். வழக்கமாகப் பயன்படும் வி.ஜி.-30 (பாகுத்தன்மையை வைத்துத் தரம் பிரித்த ஒரு வகை) பிட்டுமினில் தயாரித்த கலவை, ஆலையை விட்டுக் கிளம்பும்போது 150 முதல் 165 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும். 90 டிகிரிக்குக் கீழே குளிர்வதற்குள் ரோலர் வேலை முடிந்தாக வேண்டும். குளிர்ந்தபின் எத்தனை முறை உருட்டினாலும் கலவை இறுகாது. உள்ளே தங்கும் காற்றிடைவெளி 8 விழுக்காட்டைத் தாண்டினால் அதுவே நீர் இறங்கும் பாதையாகிவிடும். இந்த வேலையை இரவில் செய்வது, லாரி போக்குவரத்து நெரிசலில் சிக்கிக் கலவை ஆறிப்போகாமல் இருக்க உதவுகிறது. கொட்டும் மழையில் சூடான கலவைக்கு வழியில்லாதபோது போடப்படும் குளிர் கலவை, பெரும்பாலும் ஒரு தற்காலிக ஒட்டு மட்டுமே.

குடிநீர்க் குழாய்க்கும் மின்கம்பிக்கும் தோண்டும் சாலை வெட்டுகள் வேறு வகையான தலைவலி. பள்ளத்தை ஒரே மூச்சில் மண்ணால் நிரப்பினால் மேற்பகுதி மட்டும் இறுகும். 15, 20 செ.மீ. அளவுள்ள அடுக்குகளாக இட்டு ஒவ்வொன்றையும் கெட்டிப்படுத்தவில்லையென்றால், அடுத்த மழையில் அந்தக் கோடு அப்படியே உள்வாங்கும்.

பழைய சாலையின் மேலேயே புதிய அடுக்கைப் போடும் வழக்கத்தால், பல தெருக்களில் சாலை உயர்ந்து வீட்டு வாசல் தாழ்ந்துபோனது. தெருவின் நீர் வடிகாலுக்குப் பதில் வீட்டுக்குள் இறங்கியது. 2021 மே மாதத்தில் தமிழகத் தலைமைச் செயலாளர், மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே மறுசாலை அமைக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார். மில்லிங் எனப்படும் இந்த முறையில், பற்கள் பதித்த உருளை சில செ.மீ. ஆழத்துக்குப் பழைய பரப்பைச் சீவி எடுக்க, புதிய அடுக்கு அதே மட்டத்தில் அமர்கிறது. சீவி எடுத்த கழிவிலும் ஜல்லியும் பிட்டுமினும் இருப்பதால், அதை மீண்டும் கலவையில் சேர்க்கவும் முடியும்.

வடிகாலை அடைக்கும் பிளாஸ்டிக் உறையே சாலையைக் காக்கவும் கூடும் என்பதைக் காட்டியவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன்; 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஏறத்தாழ 170 டிகிரிக்குச் சூடேற்றிய ஜல்லியின் மேல் பொடியாக நறுக்கிய பாலித்தீனைத் தூவினால், அது உருகிக் கல்லின் மேல் மெல்லிய தோலாகப் படிகிறது. நீரை ஏற்காத அந்தத் தோலில் பிட்டுமின் இறுகப் பற்றிக்கொள்வதால், கல்லுக்கும் பசைக்கும் நடுவே நீர் நுழைவது கடினமாகிறது. சென்னையின் ஜம்புலிங்கம் தெருவில் 2002இலேயே இத்தகைய சாலை போடப்பட்டது. எனினும் எல்லாப் பிளாஸ்டிக்கும் இதற்கு ஏற்றதன்று. சூடேறும்போது குளோரின் சேர்ந்த நச்சு வாயுவை விடும் பி.வி.சி. அறவே கூடாது, குழம்பு ஒட்டிய உறையைக் கழுவி உலர்த்தாமல் நறுக்கும் இயந்திரத்தில் போட முடியாது. நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேரும் சென்னையில், பேட்டரி வண்டி வாசலுக்கு வரும்போது மக்கும் குப்பையோடு கலந்தே கொட்டப்படும் உறைகள் சாலைக்குப் போவதில்லை.