சோறு கொடுத்தீர்கள், கழிப்பறைச் சாவியையும் கொடுங்கள்

2021 கொரோனா ஊரடங்கில், கோயில், சர்ச், மசூதி நிர்வாகங்களுக்கு எழுதியது இது. தெருவில் இருப்பவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன். இந்த மாதத்தில் இது மூன்றாவது கேஸ். சென்னையில் பாரிமுனைப் பக்கம் நடைபாதையில் பேரப் பிள்ளைகளோடு இருக்கும் ஓர் ஆயா. பூ கட்டி விற்பவர். நான்கு நாளாகக் குளிர்காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் வலி. கொரோனாவாக இருக்குமோ என்று பயந்து அக்கம்பக்கத்தில் யாரும் கிட்டே போகவில்லை. நாங்கள் போனபோது அவருக்குப் பேச்சு குழறியது. "குடிச்சிருக்குமா?" என்று வழியில் போன ஒருவர் கேட்டார். குடியும் இல்லை, கொரோனாவும் இல்லை. சிறுநீர்த் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருந்தது.

அவருடைய தலைமாட்டில் நான்கு சாப்பாட்டுப் பொட்டலங்கள் பிரிக்காமல் கிடந்தன. இரண்டு நாள் ட்ரிப்ஸ் ஏறி, ஆள் தெளிந்த பிறகு, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். "சோறு கீதும்மா. துன்னா எங்க போறது, நீயே சொல்லு" என்றார்.

இந்த ஊரடங்கில் அந்தப் பக்கத்துக் கட்டணக் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது. டீக்கடை இல்லை, மார்க்கெட் இல்லை. பகலில் ஒதுங்க இடமில்லாததால், விடிவதற்கு முன் ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை என்று அடக்கிக்கொள்கிறார்கள். அதற்காகவே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் சாப்பாட்டையும். மே, ஜூன் மாதச் சென்னை வெயிலில் நாள் முழுக்க இரண்டு டம்ளர் தண்ணீரோடு இருக்கும் பெண்களை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். "நிறைய தண்ணீர் குடியுங்கள்" என்று மருந்துச் சீட்டில் எழுதும்போதெல்லாம் எனக்குக் கை கூசுகிறது.

மதம் சார்ந்த அமைப்புகள் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 2020 மார்ச்சில் எல்லாம் சட்டென்று அடங்கியபோது முதலில் தெருவுக்கு வந்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். கோயில் அன்னதானம் பொட்டலமாக வந்தது. அந்த ஆண்டு ரம்ஜானில் பள்ளிவாசலில் கூட முடியாததால் நோன்புக் கஞ்சிக்கான அரிசி வீடு வீடாகப் போனது. சர்ச் இளைஞர்கள் பைக்கில் பால் கொண்டுவந்தார்கள். இறந்தவர்களைச் சொந்தக்காரர்களே தொடப் பயந்த நாட்களில், எந்த மதம் என்று பார்க்காமல் தமுமுக (தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம்) தொண்டர்கள் அடக்கம் செய்தார்கள். இவர்கள் எல்லார்மீதும் எனக்குப் பெரிய மரியாதை. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

தெருவில் இருப்பவருக்கு இல்லாதது சோறு மட்டும்தான் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விடுங்கள். எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் மாறவில்லை. இவர்களில் பெரும்பாலானவர்கள் பிச்சை எடுப்பவர்கள் இல்லை. மூட்டை தூக்குகிறார்கள், சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டுகிறார்கள், குப்பையில் பிளாஸ்டிக் பிரிக்கிறார்கள். மூன்று தலைமுறையாக ஒரே நடைபாதையில் இருக்கும் குடும்பங்கள் உண்டு. ஊர் சாதாரணமாக இருக்கும்போது தங்கள் சாப்பாட்டைத் தாங்களே சம்பாதித்துக்கொண்டவர்கள் இவர்கள். 2021 ஏப்ரல் 26 முதல் வழிபாட்டுத் தலங்களில் பக்தர்களுக்கு அனுமதியில்லை என்றானதும், கோயில் வாசலில் பூ விற்ற ஆயாவின் வருமானம் அன்றோடு நின்றுவிட்டது. அரசு தந்த கொரோனா நிவாரணப் பணமும் குடும்ப அட்டைக்குத்தான். வீட்டு முகவரியே இல்லாதவருக்கு அட்டை எங்கிருந்து வரும்? கையை இருபது நொடி கழுவச் சொல்லி ஒட்டிய நோட்டீஸுக்குக் கீழே படுத்திருப்பவருக்குக் குழாய் கிடையாது. நான்கு பொட்டலம் இருந்தும் ஆயா பட்டினி கிடந்தது ஒதுங்க இடம் இல்லாததால்தான். ஐந்தாவது பொட்டலம் அதை மாற்றாது.

பாரிமுனையை ஒட்டிய ஜார்ஜ் டவுனைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தம்பு செட்டித் தெரு, அரண்மனைக்காரன் தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு, மின்ட் தெரு. நடந்து போகும் தூரத்துக்குள் கோயில், சர்ச், மசூதி, ஜெயின் கோயில் என எல்லாம் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடங்களில் பல சமயம் வெளிவாசலை ஒட்டியே பக்தர்களுக்கான கழிப்பறை இருக்கும், ஒரு குழாய் இருக்கும். பின்னால் ஒரு மண்டபமோ வகுப்பறையோ இந்த ஊரடங்கில் காலியாக இருக்கும். அதைத்தான் கேட்கிறேன், சன்னதியை அல்ல. பக்தர் பயன்படுத்தினால் வராத தீட்டு, பக்தருக்குப் பூ விற்றவர் பயன்படுத்தினால் மட்டும் வந்துவிடாது.

"இது மாநகராட்சி வேலை" என்பார்கள். சரிதான். பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒன்று என்று வீடில்லாதவர்களுக்கான காப்பகம் வேண்டும், அது 24 மணி நேரமும் இயங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. அதைக் கேட்டுச் சண்டை போடுவோம், நானும் வருகிறேன். ஆனால் அதுவரை ஆயாவின் சிறுநீரகம் காத்திருக்காது.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வெளிக் கழிப்பறையைக் காலை ஐந்து மணிக்குத் திறந்து இரவு பத்து மணிவரை விடுங்கள். சுத்தம் செய்ய அந்தத் தெருப் பெண்களில் ஒருவரையே சம்பளத்துக்கு வையுங்கள், கையுறையும் பூட்ஸும் கொடுங்கள். பொட்டலத்தோடு தண்ணீரும் கொடுங்கள். சூடான சாதத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் வைத்து மாலையில் கொடுக்காதீர்கள். வயிற்றுப்போக்கு வந்தால் அதே கழிப்பறைப் பிரச்சினைதான், பத்து மடங்காக. ஒரே தெருவுக்கு நான்கு குழுக்கள் மதியம் ஒரு மணிக்கு வராமல், ஆளுக்கொரு வேளையைப் பிரித்துக்கொள்ளுங்கள். சுகர் மாத்திரை போடுகிறவர்களுக்கு, சோறு என்றைக்கு வரும், என்றைக்கு வராது என்று தெரியாமல் இருப்பது ஆபத்து. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு மயங்கியவரையும் "குடிகாரர்" என்று தாண்டிப் போயிருக்கிறார்கள். காய்ச்சலோடு பேச்சு குழறினால் 108-ஐ அழையுங்கள். அந்த ஆளைப் பற்றிய தீர்ப்பு வேண்டாம்.

உங்கள் அலுவலக அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தால், அவர்களுடைய மாத்திரையும் ஆஸ்பத்திரிச் சீட்டும் மழையில் நனையாமல் இருக்கும். காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டியவரின் அட்டையைச் சாக்கடைத் தண்ணீரிலிருந்து எடுத்த அனுபவம் எனக்கு உண்டு. அடையாள அட்டை இல்லாதவர்களுக்கும் கொரோனா தடுப்பூசி போட இந்த 2021-ல் வழிமுறை வந்துவிட்டது. உங்கள் மண்டபத்தில் முகாம் நடத்தக் கேளுங்கள். தெரியாத ஆஸ்பத்திரிக்கு வரத் தயங்குகிறவர்கள், தினமும் பார்க்கிற கோயில் வாசலுக்கோ சர்ச் வாசலுக்கோ வருவார்கள்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள். ஜெபித்தால்தான், கோஷம் போட்டால்தான் என்று எந்த நிபந்தனையும் வைக்காதீர்கள். பசியில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார்.

ஆயாவுக்கு வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். ஊசி முடிந்து மாத்திரைக்கு மாற்றியாயிற்று. போகப்போவது அதே நடைபாதைக்குத்தான். அவர் படுக்கும் இடத்திலிருந்து முப்பது அடியில், ஒரு பூட்டிய கேட்டுக்குள் கழிப்பறை இருக்கிறது. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று மூன்று நாளாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.