பழைய எடிட்டிங் மென்பொருளும் புதிய கணினியும்

வீடியோ எடிட்டர்களுக்குக் கணினி அமைத்துக் கொடுப்பது என் தொழில். போன மாதம் ஒருவர் பதறிப்போய் அழைத்தார். 64 ஜிபி ராம் போட்ட புதுக் கணினி. ரெண்டர், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக உருவாக்கும் வேலை, பாதியைத் தாண்டுவதற்குள் 'நினைவகம் போதவில்லை' என்று நின்றுவிடுகிறதாம். ராம் பழுது என்று அவரே முடிவு கட்டி, விற்றவரிடம் சண்டைக்கும் தயாராகியிருந்தார்.

ராமில் ஒரு குறையும் இல்லை. பல வருடங்களாக அவர் கைவிடாத மென்பொருள் 32 பிட் காலத்தது, நினைவக முகவரிகளை 32 இலக்கத்துக்குள் எண்ணும் பழைய வகை. அதனால் 4 ஜிபி நினைவகத்துக்கு மேல் எட்ட முடியாது. விண்டோஸில் பெரும்பாலும் 2 ஜிபியோடு சரி. டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினேன். ஒரே நேரத்தில் 16 திரெட், அதாவது 16 வேலை இழைகள், ஓடும் பிராசசரில் பயன்பாடு வெறும் 6 சதவீதம். ஒரு திரெட் மட்டும் மூச்சிரைக்க ஓட, மீதி பதினைந்தும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. "இதற்குப் பழையதே தேவலையே!" என்றார். அந்த மென்பொருளுக்கு அது உண்மையும்கூட.

கிராபிக்ஸ் கார்டிலும் இதே கதைதான். 2010இல் வந்த அடோபியின் எடிட்டிங் மென்பொருள் பிரீமியர் புரோ சிஎஸ்5, தன் பட்டியலில் பெயருள்ள என்விடியா கார்டுகளுக்கு மட்டுமே வேகம் கூட்டியது. பின்னால் பிறந்த கார்டை அது எப்படி அறியும்? பட்டியல் கோப்பில் பெயரைச் செருகி ஏமாற்றியவர்கள் உண்டு, நானும் செய்திருக்கிறேன். இன்றைய கார்டுகளில் அந்த வித்தையை நம்பிக் காசைப் போடாதீர்கள். மேக்கில் பேச்சுக்கே இடமில்லை: 2019இல் வந்த மேக் இயங்குதளமான கேட்டலினா முதல் 32 பிட் மென்பொருள் எதுவும் திறக்காது.

இன்னொரு தொல்லை, செல்போனில் எடுத்த வீடியோ. அதில் பிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படங்கள் என்பது) பெரும்பாலும் நிலையாக இருப்பதில்லை. பழைய மென்பொருள் அதை நிலையானதென்று எண்ணிக்கொள்வதால், தொடக்கத்தில் உதட்டோடு ஒட்டியிருக்கும் குரல் போகப்போக விலகிவிடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச வீடியோ மாற்றியில் நிலையான பிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு டைம்லைனில் வையுங்கள்.

நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பழைய கணினியை அழிக்க அவசரப்படாதீர்கள். முதலில் அதிலிருந்து உரிமத்தை விடுவியுங்கள். ஆக்டிவேஷன் சர்வரையே நிறுவனம் மூடியிருந்தால், புதியதில் நிறுவ வழியில்லாமல் போகலாம். டாங்கிள் (உரிமத்துக்காகக் கணினியில் செருகும் சிறு கருவி) வைத்திருப்பவர்கள் அதன் டிரைவர் விண்டோஸ் 11இல் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய டிரைவருக்காக தீய நிரல்கள் விண்டோஸின் மையத்துக்குள் நுழையாமல் தடுக்கும் மெமரி இன்டெக்ரிட்டி பாதுகாப்பை அணைத்துவிட்டு, அதே கணினியில் மின்னஞ்சலும் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அழைத்தவருடைய பழைய கணினி நல்லவேளையாக இன்னும் விற்கப்படவில்லை. இணையத்தைத் துண்டித்து, மேசைக்கு அடியிலேயே வைத்துவிட்டோம். பழைய வேலைகளை அதில் திறந்து, முழுத்தர வீடியோக் கோப்பாகவும், வேறு மென்பொருளிலும் திறக்கக்கூடிய எடிட்டிங் குறிப்பான எக்ஸ்எம்எல் ஆகவும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறார். புது வேலைகளுக்குப் புது மென்பொருள் பழகுகிறார், முணுமுணுத்துக்கொண்டேதான்.