ஒளியியல் நாரா, ஒளியிழையா?

இதயத் தமனி அடைப்பைப் பற்றி நோயாளிகளுக்காக அச்சிட்ட ஒரு கையேட்டில், 'ஒளியியல் நார் உணர்வி உங்கள் இரத்தக்குழாய்க்குள் செலுத்தப்படும்' என்ற வரியை அண்மையில் படித்தேன். ஒளியைக் கடத்தும் மெல்லிய கண்ணாடி இழையாகிய 'ஆப்டிகல் ஃபைபர்' மருத்துவ மொழிபெயர்ப்புகளில் இப்படி 'ஒளியியல் நார்' என்று மீண்டும் மீண்டும் கண்ணில் படுவதால் எழுத வேண்டியதாயிற்று.

ஃபைபர் என்பது ஃபிப்ரா என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. 'ஃபைபர் ஆப்டிக்ஸ்' என்னும் தொடரைப் பரப்பியவர் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. அவரும் இயற்பியலாளர் ஹாப்கின்சும் கண்ணாடி இழைக் கற்றையின் வழியே படத்தைக் கடத்தியதை 1954இல் வெளியிட்டனர். 1957இல் மிச்சிகனில் மருத்துவர் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் அத்தகைய கற்றையால் ஆன உள்நோக்கியை (எண்டோஸ்கோப்) தம் தொண்டைக்குள்ளேயே முதலில் செலுத்திப் பார்த்தார்.

நாரும் இழையும் நல்ல தமிழ்ச் சொற்களே. ஆனால் பொருள் ஒன்றன்று. வாழை மட்டையிலும் பனை மட்டையிலும் முன்பே இருப்பதைக் கிழித்தெடுத்தால் அது நார். பஞ்சைச் சீராக நீட்டி நூற்று நாமே உண்டாக்குவது இழை. உருகிய கண்ணாடியைத் தலைமுடிபோல் நீட்டி எடுப்பது இவற்றுள் எந்த வேலை என்பதில் ஐயமில்லை. ஆகாத காரியத்தைக் கல்லில் நார் உரிப்பது என்று சொல்லும் மொழியில், மணலை உருக்கிச் செய்த பொருளுக்கு நார் என்றே பெயரிடுவது எனக்கு ஒப்பவில்லை.

அதைவிடப் பெரிய இடர் மருத்துவத்தில்தான் எழுகிறது. உடலுக்குள் ஏற்கெனவே தசைநார் உண்டு, நார்த்திசு உண்டு, கருப்பையில் நார்க்கட்டியும் வரும். இவற்றினிடையே 'நார் உணர்வி' என்றால், நாரைக் கண்டுபிடிக்கும் கருவி என்றே நோயாளி எண்ணுவார். இலங்கைத் தமிழில் திசுவை இழையம் என்பதால் இழையும் மயக்கம் தரும் என்று எதிர்த்தரப்பினர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆயினும் இழையம் என்பதன் ஈறே அதை வேறாக்கிவிடுகிறது. ஒளி என்னும் முன்னொட்டும் சேர்ந்தபின் குழப்பத்துக்கு இடமில்லை.

'ஒளியியல்' என்பதும் வேண்டாச் சுமை. இழைக்குள் முழு அக எதிரொளிப்பால், அதாவது வெளியேறாமல் உள்ளுக்குள்ளேயே பட்டுத் திரும்பி, ஓடுவது ஒளியே தவிர ஒளியைப் பற்றிய படிப்பு அன்று. அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு, அந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பாராமல் போவது மொழிபெயர்ப்பாளர் பலரிடம் ஊறிவிட்ட வழக்கம். சென்சாருக்கு இட்ட 'உணர்வி'யும் அவ்வாறு வந்ததே. செய்வி, காண்பி போல அது பிறரை உணரச் செய்வதைக் குறிக்கும் பிறவினை. தானே உணரும் கருவிக்கு உணரி என்பதே பொருந்தும்.

தமனிக்குள் சுழலும் அந்த இழை அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு படம் அமைக்கிறது. ஆகவே கையேட்டின் வரி இவ்வளவே இருந்தால் போதும்: 'ஒளியிழை உணரி ஒன்றை உங்கள் தமனிக்குள் செலுத்தி, அதன் உட்சுவரைப் படமெடுப்போம்.'