எண்ணெய்க் கிணற்று வால்வின் தரத்தை யார் முடிவு செய்வது? நீங்களும் கருத்துச் சொல்லலாம்

எண்ணெய்க் கிணறு தோண்டும்போது கேசிங் என்கிற இரும்புக் குழாயை இறக்கி, அதன் வழியாகச் சிமெண்டுக் குழம்பைப் பம்ப் செய்வார்கள். குழம்பு அடிவரை போய், குழாய்க்கும் பாறைக்கும் நடுவே மேலேறி அங்கே இறுக வேண்டும். ஆனால் அது, தோண்டும்போது கிணற்றில் நிரப்பி ஓடவிடும் சேற்றைவிடக் கனம். பம்ப் நின்றதும் குழாய்க்குள்ளேயே திரும்பப் பார்க்கும். அதைத் தடுப்பது குழாயின் அடிப்பக்கத்தில், ஃப்ளோட் ஷூ (குழாயின் நுனித் துண்டு), ஃப்ளோட் காலர் (அதற்குச் சற்று மேலே உள்ள துண்டு) ஆகியவற்றில் உள்ள ஒருவழி வால்வு. 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் மக்கோண்டோ கிணறு வெடித்து 11 பேர் இறந்தபோது, காலரின் வால்வு ஒழுங்காக மூடும் நிலைக்கு மாறியதா என்பது விசாரணையில் பெரிய கேள்வியாக எழுந்தது.

கே.எல்., ஷா ஆலாம், கிள்ளான் வட்டாரத்தில் இந்தச் சாமான்களை வாங்குகிற, சோதிக்கிற, பழுதுபார்க்கிற வேலையில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வால்வைச் சோதிக்கும் முறையை அமெரிக்காவின் ஏ.பி.ஐ. எனப்படும் பெட்ரோலியத் துறை அமைப்பு 10எஃப் என்ற பரிந்துரையில் வகுத்தது. அதை ஒட்டி 2003-இல் உலகத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 10427-3 என்ற தரம் வெளிவந்தது. அதன்படி முதலில் நிமிடத்துக்கு 10 பீப்பாய், அதாவது சுமார் 1,600 லிட்டர் சேற்றை வால்வு வழியாக ஓட விடுவார்கள். 8 மணி நேரம் தாங்கினால் முதல் வகை, 12 மணி நேரம் என்றால் இரண்டாம் வகை, 24 மணி நேரம் என்றால் மூன்றாம் வகை. அப்புறம் சூடும் அழுத்தமும். ஏ பிரிவுக்கு 93 டிகிரி செல்சியஸ், 1,500 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு); பி பிரிவுக்கு 149 டிகிரி, 3,000 பி.எஸ்.ஐ.; சி பிரிவுக்கு 204 டிகிரி, 5,000 பி.எஸ்.ஐ. முதல் வகை ஏ பிரிவுக்கும் மூன்றாம் வகை சி பிரிவுக்கும் அவ்வளவு தூரம். அதனால் "டெஸ்ட் பாஸ்" என்று மட்டும் போட்டிருக்கும் சான்றிதழை ஏற்காதீர்கள். எந்த வகை, எந்தப் பிரிவு, எந்த ஆண்டுப் பதிப்பு என்று எழுத்தில் கேளுங்கள். சோதித்த ஆய்வுக்கூடத்துக்கு ஐ.எஸ்.ஓ. 17025 என்ற, ஆய்வுக்கூடத் திறமைக்கான தரத்தின்படி அங்கீகாரம் உண்டா, அந்த அங்கீகாரம் இந்தச் சோதனையையும் உள்ளடக்குகிறதா என்றும் பாருங்கள்.

சரி, இதெல்லாம் கட்டாயமா? இப்படி எழுதிவைத்த தரம் (ஸ்டாண்டர்ட்) தானாகச் சட்டம் ஆகிவிடாது. ஒரு சட்டமோ ஒப்பந்தமோ அதன் பெயரைக் குறிப்பிட்டால்தான் கட்டுப்படுத்தும். எண்ணெய்த் துறையில் பெரும்பாலும் ஒப்பந்தம்தான் அந்த வேலையைச் செய்கிறது.

மலேசியத் தரங்களுக்குப் பொறுப்பு ஜே.எஸ்.எம். எனப்படும் தர நிர்ணயத் துறை. 1996-ஆம் ஆண்டின் 549-ஆம் சட்டப்படி அது இயங்குகிறது. பலர் சிரிம்தான் எல்லாம் என்று நினைக்கிறார்கள். சிரிம் சோதிக்கும், சான்றளிக்கும். தேசியத் தரத்துக்குப் பொறுப்பு ஜே.எஸ்.எம்.-தான். தொழில்துறை, அரசு, பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பிரதிநிதிகள் உள்ள தொழில்நுட்பக் குழு வரைவை எழுதும். பிறகு அது பொதுமக்கள் கருத்துக்கு விடப்படும். இதற்கு உலக வணிக அமைப்பின் நெறிமுறை சொல்லும் கால அளவு குறைந்தது 60 நாள்.

கருத்துச் சொல்லப் பட்டம் தேவையில்லை. வரைவில் உள்ள பிரிவின் எண், என்ன குறை, எப்படி மாற்றலாம் என்ற மூன்றும் இருந்தால் போதும். "சோதனை தெளிவாக இல்லை" என்று எழுதினால் குழுவால் ஒன்றும் செய்ய முடியாது. "இந்தப் பிரிவில் 'போதுமான நேரம் அழுத்தத்தில் வைக்கவும்' என்று இருக்கிறது. எத்தனை நிமிடம் என்று எழுத வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பட்டறைகளின் முடிவை ஒப்பிட முடியாது" என்று எழுதினால் குழு அதை எடுத்துப் பேசியே ஆக வேண்டும். மாற்று வாசகத்தையும் நீங்களே எழுதிக் கொடுப்பது இன்னும் நல்லது.

ஒன்றை மறக்க வேண்டாம். ஐ.எஸ்.ஓ. தரத்தை அப்படியே மலேசியத் தரமாக ஏற்கும்போது உள்ளே வரிகளை மாற்ற இடமில்லை. ஐ.எஸ்.ஓ. வரைவு 12 வாரம் வாக்கெடுப்பில் இருக்கும்போதே, அதற்கு இணையான நம் நாட்டுக் குழு வழியாகச் சொல்லிவிட வேண்டும். தவறவிட்டால், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் மறுஆய்வுவரை காத்திருக்க நேரும்.

சோதனை மேடையில் நிற்பவர்களுக்குத் தனியாக ஒரு உரிமையும் உண்டு. 5,000 பி.எஸ்.ஐ.யில் ஒரு இணைப்பு விட்டுப்போனால் ஆளே போய்விடுவார். திருத்தப்பட்ட 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 1 ஜூன் 2024 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 26ஏ பிரிவின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. பாதுகாப்புக் கடமையை மீறும் முதலாளிக்கு அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். வாயால் சொன்னதோடு நிற்காமல், எந்த மேடை, எந்த இணைப்பு, எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதை ஃபோர்மேனுக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வையுங்கள்.