நல்ல நாளையும் எழுதி வையுங்கள்

காலை ஏழரைக்கு ஃபோன் வந்தது. கழிமுகத்தில் மடவையும் கெழுத்தியும் செத்து மிதக்கின்றன, வீடியோ அனுப்பியிருக்கிறோம், பாருங்கள் என்றார்கள். நான் நீர்ப் பரிசோதனை வேலையில் இருப்பவன். அந்த ஊர்த் தன்னார்வலர்களுக்கு மாதிரி எடுக்கச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அடித்துப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. அரசு அலுவலகத்திலிருந்து வந்தவர் எனக்கு முன்பே மீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்திருந்தார். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 6 மில்லிகிராம். "தண்ணீரில் ஒரு குறையும் இல்லையே" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அவர் பொய் சொல்லவில்லை. கழிவு சேர்ந்து பாசி மண்டிய தண்ணீர் ஒரே நாளில் இரண்டு வேஷம் போடும். வெயில் இருக்கும்வரை பாசி ஆக்சிஜனை வெளிவிடும். இருட்டியதும் அதே பாசி அதை உறிஞ்ச ஆரம்பிக்கும். விடிவதற்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டத்துக்கு இறங்கும். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போய்விட்டால் பெரும்பாலான மீன்கள் தாங்காது. விடியற்காலை நாலரைக்கு மூச்சுமுட்டிச் செத்த மீனுக்கு நடுப்பகல் தண்ணீரில் காரணம் தேடினால் எப்படிக் கிடைக்கும்? போதாக்குறைக்கு ஏற்றம் வந்து கடல்தண்ணீரும் உள்ளே புகுந்துவிட்டிருந்தது.

இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. 1888-ல் வின்க்ளர் சொன்ன முறை. மூடி போட்ட கண்ணாடிக் குப்பியில் குமிழி இல்லாமல் தண்ணீர் பிடித்து, இரண்டு மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக விட்டு, மூடிக் குலுக்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் பஞ்சு பஞ்சாக வண்டல் இறங்கும். இல்லையென்றால் வண்டல் வெள்ளையாக இருக்கும். பள்ளிக்கூடம் போகாதவர்கூடப் பார்த்துச் சொல்லிவிடலாம். குப்பிக்குள் ஆக்சிஜன் கட்டுண்டு போவதால் சில மணி நேரம் கழித்துக்கூட ஆய்வுக்கூடத்தில் சரியான அளவு எடுக்கலாம். அந்த மருந்துகளில் ஒன்று தோலை அரிக்கும் காரம், கையுறை இல்லாமல் தொடக்கூடாது. இப்போது அந்த ஊரில் நாலு குப்பிகள் எப்போதும் தயாராக இருக்கின்றன.

ஆனால் அன்றைக்கு என்னை உறுத்தியது குப்பி இல்லாதது அல்ல. தன்னார்வலர்களின் நோட்டைப் புரட்டினேன். எட்டு மாதத்தில் பதினான்கு பதிவுகள். எல்லாமே கெட்ட நாட்கள்: நாற்றம், நுரை, செத்த மீன், நிறம் மாறிய தண்ணீர். மீதி நாட்களில் கழி எப்படி இருந்தது? ஒரு வரி இல்லை. "இது எப்போதும் இப்படித்தானா, இல்லை புதுசா?" என்று எந்த அதிகாரியும் முதலில் கேட்கிற கேள்விக்கு அந்த நோட்டில் பதில் கிடையாது. ஊருக்குத் தெரியும். ஆனால் ஊருக்குத் தெரிந்தது காகிதத்தில் இல்லை.

சென்னைக் கடற்கரையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988-லிருந்து ஒவ்வொரு பருவத்திலும் இரவு இரவாக மணலில் நடக்கிறார்கள். பங்குனி ஆமை முட்டையிட்ட குழி, கரையொதுங்கிய பிணம் இரண்டையும் கணக்கெடுக்கிறார்கள். ஒன்றுமே அகப்படாத இரவும் அந்தக் கணக்கில் உண்டு. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, இது வழக்கமான சாவு இல்லை என்று அடித்துச் சொல்ல முடிந்தது. பின்னால் அத்தனை வருஷக் கணக்கு நின்றது.

மாறாக, எண்ணூர், பழவேற்காடு பக்கம் காக்கா ஆழி பரவிய கதையைப் பாருங்கள். மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த மட்டி அது. விஞ்ஞானப் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரைகாட்டா. கழியின் தரையில் பாய் விரித்த மாதிரி மூடிக்கொள்ளும், இறால் ஒதுங்க இடம் இருக்காது. தண்ணீருக்குள் கைவிட்டு இறால் தடவுகிறவர்களுடைய விரலுக்குத்தான் அது முதலில் தட்டுப்படும். எந்த வருஷம் வந்தது என்று நான் விசாரித்தபோது ஆளுக்கொரு வருஷம் சொன்னார்கள். யாரும் குறித்து வைத்திருக்கவில்லை.

என்ன எழுத வேண்டும்? தேதி, மணி, இடம். அப்புறம் ஏற்றமா வற்றமா என்பது. வற்றத்தில் ஆற்றுத் தண்ணீர் கடலைப் பார்த்து வரும், ஏற்றத்தில் கடல் உள்ளே வரும். இதைக் குறிக்காவிட்டால் மற்ற எல்லா எண்களும் வீண். காற்றை நீங்கள் சொல்கிறபடியே எழுதுங்கள்: வாடை, கொண்டல், கச்சான். ஆங்கிலத் திசை வேண்டாம். நாற்றம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று பிறகு கோடு போட்டுப் பார்க்க அது போதும். 2004-ல் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் மக்கள் அதைத்தான் செய்தார்கள். எந்த நேரத்தில் என்ன நாற்றம் என்று மூக்கையே கருவியாக்கிக் குறித்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பையை வைத்துக் காற்று மாதிரியும் எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள்.

தண்ணீரின் தெளிவுக்கும் பெரிய கருவி தேவையில்லை. 1865-ல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, கண்ணுக்கு மறைகிற ஆழத்தை அளந்தார். கழியில் அதுவும் வேண்டாம். விடிந்த பிறகு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று குனிந்தால் கால்விரல் தெரிகிறதா, இல்லையா? அவ்வளவுதான். சுடுதண்ணீர் விடுகிற அனல்மின் நிலையம் பக்கத்தில் இருந்தால் இரண்டு வெப்பமானிகள் வாங்கிக்கொள்ளுங்கள். கடல்நீரால் குளிர்விக்கும் நிலையங்களில் 1999 ஜூனுக்குப் பின் வந்தவற்றுக்கு, சுடுதண்ணீர் போய்ச் சேருகிற தண்ணீரின் சூடு இயல்பைவிட 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறக்கூடாது என்பது விதி. சுடுதண்ணீர் வாய்க்கால் வந்து சேருகிற இடத்தில் ஒன்று, தள்ளி நல்ல தண்ணீரில் ஒன்று. கழித்தல் கணக்கு எல்லோருக்கும் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. அலையாத்திக் காட்டோரம் கருப்புச் சேற்றைக் கிளறினால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அது சேற்றின் இயல்பு, எந்தத் தொழிற்சாலையும் காரணமில்லை. இதைக்கூடப் புகாரில் சேர்த்துவிட்டால் மீதிப் பத்துப் புகாரும் அடிபட்டுப்போகும். இப்படி ஒருமுறை நடந்து, நான் கூட்டத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் எடுக்கும் மாதிரி நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், பிரிவு 21 படி, கழிவுநீர் மாதிரியை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆட்கள் நோட்டீஸ் கொடுத்து, முத்திரையிட்டு முறைப்படி எடுத்தால்தான் செல்லும். அப்படியானால் நாம் ஏன் எடுக்கிறோம்? அவர்களைச் சரியான இடத்துக்கு, சரியான மணிக்கு வரவைக்க. "வற்றம் தொடங்கி ஒரு மணி நேரத்தில், விடிவதற்கு முன், இந்தக் கழிவுநீர்க் குழாய்க்கு வாருங்கள்" என்று ஆறு மாத நோட்டைக் காட்டி எழுதிக் கேட்டால் மறுப்பது கஷ்டம். தேதிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம்தான் கெடு. நஷ்டஈட்டுக்கு 5 வருஷம்.

ஃபோட்டோ எடுத்ததும் வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு ஃபோனில் அழித்துவிடாதீர்கள். அப்படி அனுப்பும்போது படம் சுருங்கும், எடுத்த நேரமும் இடமும் படத்திலிருந்து போய்விடும். மூலப்படம் ஃபோனில் இருக்கட்டும்.

அப்புறம், உடம்பு முக்கியம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழியில் எண்ணெய் பரவியபோது மீனவர்களே மக்கிலும் வாளியிலும் அள்ளியதைப் பார்த்தோம். கண்காணிப்பவர் வேலை பார்ப்பதும் குறிப்பதும் மட்டும்தான். எண்ணெயிலும் நுரையிலும் இறங்க வேண்டாம்.

அந்த ஊரில் இப்போது நோட்டை வைத்திருப்பவர் அறுபதைத் தாண்டிய ஒருவர். கண்பார்வை கொஞ்சம் மங்கல், பேத்தி எழுதுகிறாள். ஆரம்பத்தில் அவர் மசியவில்லை. "ஒண்ணும் நடக்காத நாளுல என்னத்தத் தம்பி எழுதுறது?"

"ஒண்ணும் நடக்கலன்னு எழுதுங்கண்ணே."

சிரித்தார். போன மாதம் போனபோது நோட்டு பால் கவரில் சுற்றிப் படகுப் பெட்டியில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் பேத்தியின் கோணல் எழுத்து: "6.30. வத்தம். வாடை லேசா. தண்ணி தெளிவு, கால் தெரியுது. மடவை துள்ளுது. ஒண்ணும் இல்ல."