செம்பருத்திக்கு எதற்குத் தேநீர்?

இன்னொரு சமையல் குறிப்பிலும் 'செம்பருத்தித் தேநீர்' என்று பார்த்துவிட்டேன், இனி சும்மா இருக்க முடியாது.

செம்மை + பருத்தி = செம்பருத்தி. செம்பரத்தை என்றும் சொல்வதுண்டு. பருத்தியும் அதுவும் தாவரவியலில் ஒரே குடும்பம், ஆக பெயரில் குறையில்லை. பின்னால் ஒட்டியிருக்கிற 'தேநீர்'தான் கோளாறு.

தேநீர் என்றால் தேயிலை போட்ட நீர். இஞ்சி டீ, ஏலக்காய் டீ என்று நாம் சொல்லும்போதெல்லாம் உள்ளே தேயிலை இருக்கிறது, இஞ்சியும் ஏலமும் மணத்துக்கு. அந்தப் பழக்கத்தில்தான் என் சித்தி செய்முறை முழுவதையும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, டீத்தூள் எப்போ போடணும்?" என்றார். தவறு அவர் மேல் இல்லை, சொல்லின் மேல். ஆங்கிலத்தில் எந்த இலையை வெந்நீரில் போட்டாலும் டீ என்பார்கள், அதை அப்படியே இறக்குமதி செய்ததன் பலன் இது. தேயிலையில் காஃபீன் உண்டு, செம்பருத்தியில் கிடையாது. காஃபீன் வேண்டாம் என்று இருப்பவர் இந்தப் பெயரைப் பார்த்தே ஒதுங்கிவிடுவார்.

சரி, வேறு என்ன சொல்லலாம்? 'சாறு' என்றால் பிழிந்து எடுப்பது. இந்தப் பூவைப் பிழிந்தால் கையில் வருவது கொழகொழப்புதான். 'குடிநீர்' சித்த மருத்துவத்தில் நல்ல சொல், ஆனால் அது காய்ச்சி வற்றவைப்பது, நிலவேம்புக் குடிநீர் போல. இங்கே காய்ச்சுவதே இல்லை. ஐந்தாறு பூவின் இதழ்களை மட்டும் கிள்ளி, காம்பையும் மகரந்தத் தண்டையும் நீக்கி, கொதித்த நீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைக்கிறோம். இதழ் வெளுத்து, நீர் கருஞ்சிவப்பும் ஊதாவுமாக நிற்கும். வடிகட்டி எலுமிச்சை பிழிந்தால், விழுந்த இடத்திலிருந்தே பளிச்சென்று சிவப்பு பரவும், புளிப்பு பட்டால் அந்த நிறமிக்கு அப்படி. செயலைப் பார்த்தால் இது 'ஊறல்'. பொருத்தமான சொல்தான், ஆனால் செய்தித்தாள் படிக்கிற யாருக்கும் அடுத்து சாராயம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

ஆறவைத்து, வெல்லமோ சர்க்கரையோ கரைத்து, குளிரக் குடிப்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: பானகம். இனிப்பு, புளிப்பு, குளிர்ச்சி மூன்றும் அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கின்றன. செம்பருத்திப் பானகம் என்றால் யாரும் டீத்தூளைத் தேட மாட்டார்கள். பானகம் வடசொல் என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். வடசொல்தான். அவர் தூய தமிழ் என்று தூக்கிப் பிடித்த தேநீரில் 'தே' சீனச் சொல்லாயிற்றே! எனக்குத் தூய்மையைவிடத் தெளிவு முக்கியம். சூடாகக் குடிப்பவர்கள் செம்பருத்தி வெந்நீர் என்றே சொல்லட்டும், ஒன்றும் குறைந்துவிடாது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு வழக்கும் இருக்கிறது. பாக்கெட்டில் கருஞ்சிவப்பாகக் காய்ந்து வருகிறதே, அது பெரும்பாலும் இந்தப் பூவே அல்ல. புளிச்சக்கீரை இனத்துச் செடியில் காயை மூடியிருக்கும் சதைப்பற்றான புல்லிவட்டம். எலுமிச்சை இல்லாமலே புளிக்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஹைபிஸ்கஸ் என்று ஒரே பெயர் இருப்பதால் 'உலர்ந்த செம்பருத்தி இதழ்' என்று எழுதிவிடுகிறார்கள். அதைப் படித்துவிட்டு வீட்டுச் செடியின் பூவைக் காயவைத்துப் போட்டவர், புளிப்பே வரவில்லையே என்று செய்முறையைத் திட்டுகிறார். புளிச்சைப் புல்லி என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் போதும்.